யார் கொடுத்த நாழிகை?

ஆய்க்குடி பாலசுப்பிரமணிய சுவாமி கோவிலுக்கு வந்திருக்கும் நேயர்களுக்குப் படிப்பாயசத்தைப் பற்றி நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வராதவர்களுக்காகச் சொல்லுகிறேன். குழந்தைச் செல்வம் வேண்டிப் பிரார்த்தித்து, அந்தப் பிரார்த்தனை பலித்தவர்கள், பாயசம் காய்ச்சிச் சுவாமிக்கு நைவேத்தியம் செய்வார்கள். பிறகு அதைக் கொண்டுவந்து அனுமன் நதியின் படியிலே ஊற்றுவார்கள். இலையும் கிடையாது, கிண்ணமும் கிடையாது. ஊர்க் குழந்தைகள் ஓடி வந்து குனிந்து சாப்பிடுவார்கள். பாலசுப்பிரமணியனே அந்தக் குழந்தைகளில் ஒருவனாக வந்து சாப்பிடுகிறான் என்பது எங்கள் ஊரின் நம்பிக்கை.

சென்ற ஆடி மாதத்தில், குற்றாலத்துச் சாரல் எங்கள் ஊர் வரைக்கும் வந்து முகத்தில் தெளித்துக்கொண்டிருந்த ஒரு காலை வேளையில், நான் அந்தப் படித்துறைக்கு மேலே நின்றுகொண்டிருந்தேன். "டீச்சர்! என்னைத் தெரிகிறதா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

தெரியாமல் என்ன? பதினைந்து வருஷங்களுக்கு முன் என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் படித்த பெண். ஒரு சமயம் "மழை நாள்" என்று வகுப்பிலே வியாசம் எழுதச் சொன்னேன். மற்றக் குழந்தைகள் எல்லாரும் மழையினால் விளையும் நன்மைகளை வரிசையாக எழுதியிருந்தார்கள். இவள் மட்டும் ஒரு குடை ரிப்பேர்க்காரனைப் பற்றி எழுதியிருந்தாள். மழை வந்தால்தான் அவனுக்குப் பிழைப்பு. ஆனால் மழை வந்த அன்று அவன்தான் நனைந்துகொண்டு வீட்டுக்குப் போகிறான். அவனிடம் இருக்கும் குடைகள் எல்லாம் பிறத்தியாருடையவை. இருபத்திரண்டு வருஷமாக நான் எத்தனையோ ஆயிரம் வியாசங்களைத் திருத்தியிருக்கிறேன். ஞாபகத்தில் நின்றவை பத்துப் பன்னிரண்டு இருக்கலாம். அவற்றில் இது ஒன்று.

இப்போது அவள் இடுப்பில் மூன்று வயதுப் பையன். அன்றைய படிப்பாயசம் அவர்களுடைய பிரார்த்தனைதான். க்ஷேமலாபங்களை விசாரித்த பிறகு, "இப்போதும் எழுதுகிறாயா, அம்மா?" என்று கேட்டேன்.

"எழுதாமல் என்ன, டீச்சர்? தினமும் எழுதுகிறேன். பால் கணக்கு, மளிகைக் கணக்கு, பையனுக்கு ஊசி போட வேண்டிய கணக்கு!"

இருவரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "நேரம் ஏது, டீச்சர்? பகல் முழுவதும் பையன். ராத்திரி அவன் தூங்கின பிறகு சர்க்கார் உத்தியோகப் பரீக்ஷைக்குப் படிக்கிறேன். படிக்கும்போதே சில நாள் ஏதாவது ஒரு வரி மனசில் வரும். புஸ்தகத்தின் ஓரத்தில் கிறுக்கி வைப்பேன். மறுநாள் பார்த்தால் அது எதற்காக எழுதினது என்று எனக்கே புரிவதில்லை."

அதற்குள் படியிலே பாயசம் ஊற்றிவிட்டார்கள். பையன் இடுப்பிலிருந்து நழுவிக் கீழே ஓடினான். அவளும் அவன் பின்னால் ஓடிப் போனாள். நான் வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் அந்த இரண்டு வார்த்தைகள்தான் என் கூடவே வந்தன: "நேரம் ஏது?"

* * *

இந்தக் கேள்விக்கு நம் ஊரில் பதில் சொல்லுகிறவர்களுக்குக் குறைவில்லை. அவர்களை மூன்று கட்சியாகப் பிரிக்கலாம்.

முதல் கட்சியார், "விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து எழுதலாமே!" என்பார்கள். இரண்டாவது கட்சியார், "அவசரம் என்ன? குழந்தைகள் தலையெடுக்கட்டும்; அப்புறம் சாவகாசமாக எழுதிக்கொள்" என்பார்கள். மூன்றாவது கட்சியார், "கதை எழுதினால் சோறு கிடைக்குமா?" என்று கேட்டு விஷயத்தையே முடித்துவிடுவார்கள்.

மூன்று கட்சியிலும் நான் அங்கத்தினராக இருந்தவள். ஆகையால் சற்று உரிமையோடு பேசலாம் என்று நினைக்கிறேன். எனக்கு இரண்டு குழந்தைகள். பள்ளிக்கூட உத்தியோகம். முப்பத்தெட்டாவது வயதில் தபால் மூலம் எம்.ஏ. படிக்க ஆரம்பித்தேன். இவ்வளவுக்கும் நடுவில் கதை எழுதும் பைத்தியம் வேறு. நாலு மணி வைத்தியத்தை இரண்டு மாதம் விடாமல் செய்து பார்த்தேன். நாலு கதைகள் எழுதினேன் என்பது வாஸ்தவந்தான். ஆனால் ஒரு நாள் மார்க்குப் பட்டியலில் ஒரு பெண்ணின் 83 மார்க்கை 38 என்று எழுதிவிட்டேன். அந்தக் குழந்தை அழுதுகொண்டு வந்து நின்றபோதுதான் எனக்கு ஒரு விஷயம் விளங்கிற்று. தூக்கத்திலிருந்து எடுத்த நேரம் இனாமாகக் கிடைத்த நேரம் அல்ல. கடனாக வாங்கின நேரம். அந்தக் கடனுக்கு வட்டி கட்ட வேண்டியவர்கள் பெரும்பாலும் வேறு யாரோதான்.

அப்படியானால் குடும்பப் பெண்கள் எழுதினதே கிடையாதா? எழுதியிருக்கிறார்கள், பேஷாக எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு நேரம் எங்கிருந்து கிடைத்தது? அதை விசாரித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

* * *

ஸ்ரீமதி வை. மு. கோதைநாயகி அம்மாளின் பெயரை அறியாத தமிழ்க் குடும்பம் ஒரு காலத்தில் இல்லை. இந்தத் தலைமுறைக் குழந்தைகளுக்கு அந்தப் பெயரை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் 1901-ம் வருஷத்தில் பிறந்தவர். ஒரு வயதுக் குழந்தையாக இருக்கும்போதே தாயாரை இழந்தார். ஐந்தரை வயதில் ஸ்ரீ வை. மு. பார்த்தசாரதிக்கு அவரை விவாகம் செய்து கொடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்து வாசற்படியை அவர் மிதித்ததில்லை.

ஆனால் கதை சொல்லுவதில் மட்டும் அவருக்கு அபாரமான திறமை இருந்தது. அக்கம்பக்கத்துக் குழந்தைகள் சாயங்காலத்தில் அவரைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்களாம். நாளடைவில் பெரியவர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். புருஷர் அவரை நாடகங்களுக்கு அழைத்துப் போனார். நாடகம் பார்க்கப் பார்க்கத் தாமும் ஒன்று எழுத வேண்டும் என்று ஆசை பிறந்தது. ஆசை பிறந்ததே தவிர, கையில் எழுத்து இல்லை. என்ன செய்வது?

அப்போது பட்டம்மாள் என்ற சிநேகிதி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோதைநாயகி சொல்லச் சொல்லப் பட்டம்மாள் எழுதினார். அப்படி உருவானதுதான் "இந்திரமோகனா" என்ற நாடகம். 1924-ம் வருஷத்தில் அது அச்சாகி வெளிவந்தது. தமிழில் எழுதப் படிக்கவும் அந்தச் சிநேகிதியிடமே அவர் கற்றுக்கொண்டார். மறு வருஷம், நின்று போயிருந்த "ஜகன்மோகினி" பத்திரிகையை வாங்கித் தாமே நடத்தத் தொடங்கினார். அதிலே "வைதேகி" என்ற நாவல் தொடர்ந்து வந்தது. அதற்குப் பிறகு அவர் எழுதின நாவல்களின் கணக்கு 115 என்று சொல்லுகிறார்கள். எழுதத் தெரியாதவராக இருந்த ஒரு ஸ்திரீ 115 நாவல்கள்!

இத்தோடு நின்றதா? 1925-ல் காந்தி மகாத்மாவைச் சந்தித்தபின் பட்டையும் நகைகளையும் துறந்து கதர் உடுத்தினார். மேடையில் பேசினார், பாடினார். கள்ளுக்கடை மறியலிலும் அந்நியத் துணி பகிஷ்காரத்திலும் ஈடுபட்டுச் சிறை புகுந்தார். அவருடைய "அநாதைப் பெண்" 1938-ல் படமாகவும் வந்தது. இவ்வளவையும் அவர் செய்தது குடும்பத்தைத் துறந்து அல்ல. ஒரு பிள்ளைக்குத் தாயாராக, குடும்பத்தில் இருந்துகொண்டேதான். வீட்டுப் பெண் பத்திரிகை நடத்துவதாவது என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. அந்த ஏளனம் அவருடைய புருஷரைத் தடுக்கவில்லை. 1956-ல் அந்த ஒரே பிள்ளையான ஸ்ரீநிவாசன் காலமானபோது, அம்மாள் இடிந்து போனார். அதற்குப் பிறகு நாலு வருஷம். 1960-ல் அவரும் மறைந்தார். அவர் எழுத்தைப் பெரிதாக நினைத்தாரா, பிள்ளையைப் பெரிதாக நினைத்தாரா என்று கேட்கிறவர்களுக்கு அந்த நாலு வருஷங்களே பதில் சொல்லும்.

கோதைநாயகி அம்மாளைப் பற்றிப் பேசுகிறவர்கள் 115 நாவல்களைச் சொல்லுகிறார்கள், பத்திரிகையைச் சொல்லுகிறார்கள், சிறைவாசத்தைச் சொல்லுகிறார்கள். எனக்கு என்னவோ பட்டம்மாளின் ஞாபகந்தான் அதிகமாக வருகிறது. அவருக்கும் வீடு இருந்திருக்கும். அடுப்பு இருந்திருக்கும். அடுப்பின் மேல் ஏதோ ஒன்று கொதித்துக்கொண்டும் இருந்திருக்கும். அதையெல்லாம் விட்டுவிட்டு வந்து, தம் சிநேகிதிக்காகப் பேனாவைப் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்தார். அந்த நாழிகை அவர் கொடுத்தது. அதைக் கொடுத்திராவிட்டால், சாயங்காலக் கதைகள் சாயங்காலத்தோடு போயிருக்கும்.

* * *

வங்காளத்தில் ராஸசுந்தரி தேவி என்று ஓர் அம்மாள் இருந்தார். நம் கொள்ளுப்பாட்டிகளின் காலத்துக்கும் முந்தியவர். பன்னிரண்டு வயதில் விவாகம். பிறகு பன்னிரண்டு குழந்தைகள். பெண்கள் எழுத்தைத் தொட்டால் குடும்பம் உருப்படாது என்று நம்பின காலம் அது. அவருக்கோ "சைதன்ய பாகவதம்" வாசிக்க வேண்டும் என்று தீராத தாபம். ஒரு நாள் அந்தச் சுவடியிலிருந்து ஓர் ஏட்டை எடுத்துச் சமையலறையில் ஒளித்து வைத்தார். பிள்ளை எழுதிப் பழகின பனையோலை ஒன்றையும் எடுத்துக்கொண்டார். அடுப்பு வேலைக்கு நடுவில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்து, எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றார். யாரும் அவருக்கு அந்த நேரத்தைக் கொடுக்கவில்லை, திருடித்தான் எடுத்துக்கொண்டார்.

இப்படி வாசிக்க வந்துவிட்டது. எழுத வரவில்லை. அது வருவதற்கு இன்னும் வெகு காலம் ஆயிற்று. வெளியூரில் படிக்கப் போன ஒரு பிள்ளை, "நான் கடிதம் போட்டால் அம்மா பதில் எழுத வேண்டாமா?" என்று குறைப்பட்டுக்கொண்டு, காகிதமும் பேனாவும் மையும் வாங்கிக் கொடுத்தான். பிள்ளைக்குப் பதில் எழுத வேண்டுமே என்ற கவலையில் தாயார் எழுதக் கற்றார். பின்னர் அந்த அம்மாள் தம் வாழ்க்கையையே எழுதினார். வங்க பாஷையில் எழுதப்பட்ட முதல் சுயசரிதை அதுதான் என்கிறார்கள். திருடின நேரத்தால் வாசிக்க முடிந்தது. எழுதுவதற்கோ, ஒருவர் கொடுத்த காகிதம் வேண்டியிருந்தது.

"கதை எழுதினால் சோறு கிடைக்குமா?" என்ற மூன்றாவது கட்சியாருக்கும் ஒரு சமாசாரம் சொல்லுகிறேன். "லக்ஷ்மி" என்ற புனைபெயரில் எழுதின டாக்டர் திரிபுரசுந்தரி, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நாளில் பணமுடை வந்தது. யுத்த காலம். படிப்பை நிறுத்திவிட வேண்டிய நிலைமை. அவர் "ஆனந்த விகடன்" ஆசிரியர் எஸ். எஸ். வாசனிடம் போய்த் தம் கஷ்டத்தைச் சொன்னார். கதைகளுக்குச் சன்மானம் கொடுப்பதாக அவர் வாக்களித்தார். அந்தச் சன்மானம் படிப்பைக் காப்பாற்றியது. எழுத்து சோறு மட்டுமா போட்டது? ஒரு வைத்தியரையே உண்டாக்கிற்று! 1984-ல் "ஒரு காவிரியைப் போல" என்ற நாவலுக்காக அவருக்குச் சாகித்திய அகாடமிப் பரிசும் கிடைத்தது.

சீமையில் விர்ஜினியா வுல்ஃப் என்ற ஆசிரியை, 1929-ல் வெளியிட்ட ஒரு புத்தகத்தில் கணக்காகவே சொல்லிவிட்டார்: ஒரு பெண் கதை எழுத வேண்டுமானால் வருஷத்துக்கு ஐந்நூறு பவுன் வருமானமும், தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளத் தனி அறையும் வேண்டும் என்று. மறுக்க முடியாத பேச்சு. ஆனால் எங்கள் ஆய்க்குடி வீடுகளில் தனி அறை என்று ஒன்று இருந்தால், அதில் முதலில் நெல்மூட்டை குடியேறிவிடும், பிறகு விருந்தாளி. தாழ்ப்பாளுக்கு வெளியே குழந்தை அழுதால், எழுதுகிற கை தானே நின்றுவிடும். நம் வீடுகளில் தனி அறைக்குப் பதிலாக வேண்டியது, வெளியே குழந்தையைத் தூக்கிக்கொள்ள இன்னொரு ஜோடிக் கைகள்.

* * *

இனி, எங்கள் பக்கத்துச் சமாசாரத்துக்கு வருகிறேன். இங்கிருந்து பஸ் ஏறினால் சற்று நேரத்தில் செங்கோட்டை. சுமார் முந்நூறு வருஷங்களுக்கு முன் அங்கே ஆவுடையக்காள் என்று ஒரு மகா ஞானி இருந்தார். சிறு வயதிலேயே கைம்பெண் ஆனவர். திருவிசைநல்லூர் ஸ்ரீதர ஐயாவாளின் அருளைப் பெற்று, அத்வைத வேதாந்தத்தை எளிய தமிழ்ப் பாட்டுக்களாகப் பாடினார். குற்றால மலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை என்பது இந்தப் பக்கத்து வழக்கு. அவருடைய பாட்டுக்கள் எப்படி நமக்குக் கிடைத்தன தெரியுமா? பெண்கள் வாயில். இட்டிலிக்கு அரைத்துக்கொண்டும், குழந்தையைத் தூளியில் ஆட்டிக்கொண்டும், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டும் பாடினார்கள். தாயார் பாடப் பெண் கேட்டாள். மாமியார் பாட நாட்டுப்பெண் கேட்டாள். வெகு காலம் கழித்து, எங்கள் ஆய்க்குடி வேங்கடராம சாஸ்திரிகள் போன்றவர்கள் அவற்றைத் தேடித் தொகுத்தார்கள்.

என் மாமியாருக்கு அந்தப் பாட்டுக்களில் சில பாடம். எழுபத்தைந்து வயதாகிறது. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. கண்ணில் புரை. காய் நறுக்கும்போது மெல்லப் பாடுவார். பத்தொன்பது வருஷமாக நான் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். கேட்டுக்கொண்டே என் கதைகளை எழுதிக்கொண்டிருந்தேன்.

இங்கே நான் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். சில வருஷங்களுக்கு முன் என் பெண், பள்ளிக்கூடத்தில் "என் தாயார்" என்று ஒரு வியாசம் எழுதினாள். "அம்மா எப்போதும் எழுதிக்கொண்டிருப்பாள். கூப்பிட்டால் 'இதோ வந்துவிட்டேன்' என்பாள். பாட்டிதான் வருவாள்" என்று அதில் இருந்தது. குழந்தை குறையாக எழுதவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தாள். உபாத்தியாயினி என்ற முறையில் பார்த்தால் நல்ல வியாசம். தாயார் என்ற முறையில் எனக்கு அன்று சாதம் இறங்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டேன். மூன்று மாதம் ஒரு வரி எழுதவில்லை. எம்.ஏ. புத்தகங்களையும் கட்டி மேலே போட்டேன்.

ஒரு நாள் ராத்திரி மாமியார் கேட்டார்: "என்னடி, எழுதறதை விட்டுட்டயா?"

"குழந்தைகளைக் கவனிக்க வேண்டாமா, அம்மா?" என்றேன்.

"நான் கவனிக்கலையா? நீ உக்காந்து எழுதணும்னுதானே நான் ஓடி ஓடிப் போனேன்? எனக்குத்தான் எழுதத் தெரியாது. நம்மாத்துல ஒருத்தியாவது எழுதறாளேன்னு இருந்தேன்." சற்றுப் பொறுத்து, "எனக்குந்தான் சொல்லறதுக்கு எவ்வளவோ இருக்கு. யார் எழுதுவா?" என்றார்.

எனக்குத் தலை நிமிரவில்லை. "நேரம் ஏது, நேரம் ஏது" என்று வருஷக்கணக்காகப் புலம்பிக்கொண்டிருந்தேனே, என் கதைகளை எழுதின நேரமெல்லாம் யாருடையது? என் மாமியாருடையது. அதை வாங்கிக்கொண்டேனே தவிர, வாங்கிக்கொண்டதாகக்கூட நினைக்கவில்லை. பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாளாவது, "அம்மா, நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன்" என்று உட்கார்ந்ததுண்டா?

* * *

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டிருக்கிறது. பிரமாதமான திட்டம் ஒன்றும் இல்லை. ராத்திரி சாப்பாடானதும் எட்டரை மணிக்குக் கூடத்தில் எல்லாரும் ஒரே மேஜையைச் சுற்றி உட்காருகிறோம். குழந்தைகள் பாடம் படிக்கிறார்கள். நானும் என் பாடத்தைப் படிக்கிறேன், அல்லது எழுதுகிறேன். பாத்திரம் தேய்த்துக் கவிழ்ப்பது என் புருஷரின் பொறுப்பு. முதல் வாரத்தில் அவர் இரண்டு கண்ணாடித் தம்ளர்களை உடைத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை, இப்போது உடைப்பதில்லை. ஒன்பதரை வரைக்கும் யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது. குழந்தைகளுக்கும் அந்த நேரம் சொந்தமானபடியால், அம்மா தங்களை விட்டுப் போய்விட்டாள் என்ற எண்ணம் அவர்களுக்கு உண்டாவதில்லை.

வெள்ளிக்கிழமைகளில் அந்த நாழிகை மாமியாருடையது. அவர் சொல்லுகிறார், நான் எழுதுகிறேன். பாட்டும் வருகிறது, அதற்கு நடுவில் கதையும் வருகிறது. அவருக்கு விவாகமான வருஷத்து வெள்ளம், ஒரு பசுமாட்டை விற்ற துக்கம், அவருடைய பாட்டி சாகும்போது பாதியில் நின்று போன ஒரு பாட்டு. இரண்டு நோட்டுப் புத்தகங்கள் நிறைந்துவிட்டன. இவற்றை எந்தப் பத்திரிகையும் பிரசுரிக்காமல் போகலாம். ஆனால் என் எம்.ஏ. படிப்பில் கற்றுக்கொள்ளாத ஒரு பாடத்தை நான் இதிலே கற்றேன். ஒருவர் பேச்சை எழுதிக்கொண்டு உட்கார்ந்தால், அவரைப் பற்றி நாம் நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் எவ்வளவு அரைகுறை என்று தெரிந்துவிடுகிறது. கதை எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி வேறு என்ன இருக்கிறது?

ஒப்பந்தம் தவறுவதே இல்லை என்று சொன்னால் பொய். பரீக்ஷைக் காலத்தில் தவறுகிறது. ஜுரம் வந்தால் தவறுகிறது. திருநெல்வேலியிலிருந்து விருந்தாளிகள் வந்தால் வாரம் முழுவதும் தவறுகிறது. அப்போதெல்லாம் கையில்லாமல் எழுதுகிறேன். கீரை ஆயும்போது ஒரு வாக்கியத்தை மனசுக்குள் பத்துத் தரம் திருப்பிப் பார்ப்பேன். பஸ்ஸில் தென்காசிக்குப் போகும்போது, டிக்கெட்டின் பின்புறத்தில் இரண்டு வார்த்தை குறித்துக்கொள்வேன். வரியாக எழுதி வைத்தால் மறுநாள் புரியாது. யார், எங்கே, என்ன செய்தான் என்று மூன்று வார்த்தை இருந்தால் புரியும். இந்த உபாயத்தை என் பழைய மாணவிக்காகவே இங்கே எழுதுகிறேன்.

* * *

அவளை நான் மறந்துவிடவில்லை. ஆவணி மாதம் பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். இருநூறு பக்கத்து நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அவளுடைய புருஷர் நல்ல மனிதர். மரியாதையாக உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். குடை ரிப்பேர்க்காரன் வியாசத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்பட்டார்; அது அவருக்குத் தெரியாது. பிறகு, "எழுத வேண்டாமென்று நான் ஒரு நாளும் சொன்னதில்லையே, டீச்சர்" என்றார்.

நேயர்களே, இந்த வார்த்தையை நான் எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன். சொன்னவர்கள் எல்லாரும் நல்லவர்கள், சொன்னதும் நிஜந்தான். ஆனால் வேண்டாமென்று சொல்லாமலிருப்பது வேறு, கொடுப்பது வேறு. பட்டம்மாள் தம் சிநேகிதியைப் பார்த்து, "நீ நாடகம் எழுதுவதில் எனக்கு ஆக்ஷேபம் இல்லை" என்று மட்டும் சொல்லியிருந்தால், "இந்திரமோகனா" அச்சாகியிருக்குமா? ராஸசுந்தரி தேவியின் பிள்ளை, அம்மா எழுதினால் தடுக்க மாட்டேன் என்று சும்மா இருந்திருந்தால், அந்தச் சுயசரிதை இன்று இருக்குமா? அவர்கள் பேனாவைப் பிடித்தார்கள். காகிதம் வாங்கிக் கொடுத்தார்கள்.

இதை நான் அவரிடம் இவ்வளவு நீட்டிச் சொல்லவில்லை. "ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் பையனை நீங்கள் குளத்தங்கரைப் பக்கம் அழைத்துக்கொண்டு போவீர்களா?" என்று மட்டும் கேட்டேன். அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு பையனைப் பார்த்தார். "இன்றைக்கேவா?" என்றார்.

"இன்றைக்கே."

பையனுக்குச் சட்டை மாட்டி, அவன் கையைப் பிடித்துக்கொண்டு அவர் தெருவில் இறங்கினார். நானும் விடைபெற்றுக்கொண்டேன். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். அவள் நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். என்ன எழுதினாள், எழுதினாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. அந்த நேரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கவும் அவளுக்குச் சுதந்திரம் உண்டு அல்லவா?

இதைப் படிக்கும் சகோதர சகோதரிகளுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டிலும் புத்தகத்தின் ஓரத்தில் கிறுக்கி வைக்கும் ஒருத்தி இருக்கலாம். காய் நறுக்கிக்கொண்டே பாதிப் பாட்டை முணுமுணுக்கும் ஒருவர் இருக்கலாம். இந்த வாரத்தில் ஒரு மாலை, அவர் கையிலுள்ள வேலையை நீங்கள் வாங்கிக்கொண்டு, "சொல்லுங்கள்" என்று பக்கத்தில் உட்காருங்கள். தம்ளர் இரண்டு உடைந்தால் உடையட்டும்.